அம்மாவின் மாறாட்டமும் இரண்டு பை இரத்தமும்

கொழும்பில் முதியவர்களுக்குச் சத்திரசிகிச்சை செய்யும் வைத்திய நிபுணர்களுக்கும், மயக்கமருந்து வைத்தியர்களுக்கும், தாதியருக்கும், ஆஸ்பத்திரி நிர்வாகத்தினருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

என் அம்மாவுக்கு வயது 79. கடந்த ஆண்டு ஒரு விடியற்காலை, வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் மாடிவீட்டின் குளியலறையில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். நான்காம் நாள் சத்திரசிகிச்சை நடந்தது. அன்றிரவு ஒரு பையும் மறுநாள் இன்னொரு பையுமாக இரத்தம் ஏற்றினார்கள். அதற்கடுத்த நாள் பின்னேரம் நான் போனபோது, வாட்டில் யாரோ தள்ளிக்கொண்டு போன தட்டுவண்டியின் சத்தம் கேட்டதும் அம்மா கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். "ஷெல் விழுது பிள்ளை, பங்கருக்குள்ள ஓடு" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தது 1995 இடப்பெயர்வில். கொழும்பில் இத்தனை வருடம் இருந்தும் அம்மா ஒருநாள்கூட அந்தப் பங்கரைப் பற்றி வாய் திறந்ததில்லை.

அன்றிரவு அம்மாவின் இரண்டு கைகளையும் கட்டில் சட்டத்தோடு துணியால் கட்டியிருக்கிறார்கள். விழுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் கட்டினார்கள், எனக்கு விளங்குகிறது. ஆனால் வாட்டில் அன்றிரவு வேலையில் இருந்த யாருக்கும் தமிழ் தெரியாது. பங்கருக்குள் ஓடச் சொல்லிக் கத்துகிற ஒரு கிழவியை, கலாட்டா பண்ணுகிற நோயாளியாகத்தான் அவர்கள் பார்த்திருப்பார்கள்.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கனடாவில் இருக்கும் தம்பி போனில், "ஆற்றையோ ரத்தத்தை ஏத்தி அம்மாவை விசராக்கிப் போட்டாங்கள்" என்று அழுதான். சத்திரசிகிச்சைக்கு விறைக்க வைக்க முள்ளந்தண்டில் போட்ட ஊசிதான் காரணம் என்றார் மாமி. பக்கத்து வீட்டு அக்கா, "அறளை பெயர்ந்திட்டுது, வயசுதானே" என்று சொல்லிவிட்டுப் போனார். உங்களில் ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. நான் கேட்டபோது இளம் டொக்டர் ஒருவர், "வயதானவர்களுக்கு இப்படி வரும், சரியாகிவிடும்" என்றார். அந்த ஒரு வசனத்தைச் சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் சொல்லியிருந்தால் எங்கள் வீட்டில் பாதிக் கண்ணீர் மிச்சமாகியிருக்கும்.

நான் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியை, வைத்தியம் படித்தவள் அல்ல. ஆனால் தம்பி சொன்னது உண்மையா பொய்யா என்று தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை. பல இரவுகள் இருந்து வாசித்தேன். நீங்கள் அறிந்த விடயங்கள்தான். இருந்தாலும் உங்களிடமிருந்து நாங்கள் கேட்க விரும்பியது என்ன என்பது உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர்த் தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அறளை பெயர்வது, அதாவது முதுமையில் ஞாபகம் தேய்ந்துபோவது, மெல்ல மெல்ல, வருடக்கணக்கில் நடப்பது. மாறாட்டம் திடீரென்று வருவது. காலையில் சரியாக இருந்தவர் பின்னேரம் ஆளை மாறிப் பார்ப்பார், அடுத்த நாள் தெளிவார், இரவில் திரும்பவும் குழம்புவார். சத்திரசிகிச்சைக்குப் பிறகு முதல் சில நாட்களில் வருவது இந்த மாறாட்டம். இதைவிட மூன்றாவது ஒன்றும் உண்டு. மாறாட்டம் தெளிந்த பிறகும், சிலருக்கு மாறாட்டமே வராமலும், ஞாபகமும் கவனமும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மங்கிப்போய் இருப்பது. 1998இல் வெளியான ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வு, 60 வயதும் அதற்கு மேலும் ஆன 1218 பேரை இதய சத்திரசிகிச்சை அல்லாத பெரிய சத்திரசிகிச்சைகளுக்குப் பிறகு சோதித்துப் பார்த்தது. ஒரு வாரத்தில் 25.8 சதவீதமானோரிடம் இந்த மங்கல் இருந்தது, மூன்று மாதத்தில் 9.9 சதவீதமானோரிடம். சத்திரசிகிச்சை செய்யாத ஒப்பீட்டுக் குழுவில் மூன்று மாதத்தில் அப்படி இருந்தவர்கள் 2.8 சதவீதம்தான். ஒட்சிசன் குறைந்ததும் இரத்த அழுத்தம் விழுந்ததும்தான் காரணமாக இருக்கும் என்று எதிர்பார்த்துத் தொடங்கிய ஆய்வு அது. இரண்டுமே காரணமாகத் தெரியவில்லை. மூன்று மாதம் கழித்தும் தொடர்பு காட்டியது வயது மட்டும்தான்.

சரி, இரத்தத்துக்கு வருகிறேன்.

தம்பியின் பயம் முழுவதும் வெறும் பயமல்ல. 2014இல் சீனாவிலிருந்து வெளியான ஓர் ஆய்வில், இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட முதியவர்களில் 3 அலகுக்கு (பைக்கு) மேல் இரத்தம் ஏற்றப்பட்டவர்களிடம் முதல் நாட்களில் நினைவு மங்குவது கூடுதலாக இருந்தது. அப்படி நடக்கலாம் என்பதற்குச் சொல்லப்படும் விளக்கமும் பொருத்தமாகத்தான் தெரிகிறது. ஏற்றுவதற்காகச் சேமிக்கும் செங்குருதிக்கலங்களை 2 முதல் 6 பாகை செல்சியஸ் குளிரில் 42 நாட்கள் வரை வைத்திருக்கலாம். அங்கே இருக்க இருக்கச் சில கலங்கள் உடைகின்றன, உள்ளிருப்பவை வெளியே கசிகின்றன. எலும்பு உடைந்ததாலும் கத்தி பட்டதாலும் உடம்பு ஏற்கெனவே அழற்சியில் கொதித்துக்கொண்டிருக்கிறது. அதன் மேல் இதுவும் சேர்ந்தால் அந்த அழற்சி மூளையையும் எட்டலாம்.

ஆனால் வகுப்பில் நான் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று உண்டு: இரண்டு விடயங்கள் சேர்ந்து வருவதால் ஒன்று மற்றதை உண்டாக்கியது என்று ஆகாது. யாருக்கு இரத்தம் ஏற்றுகிறீர்கள்? கூடுதலாக இரத்தம் இழந்தவருக்கு, ஏற்கெனவே சோகை (இரத்தக்குறைவு) உள்ளவருக்கு, இதயம் பலவீனமானவருக்கு. மாறாட்டம் வர வாய்ப்புக் கூடியவர்களும் அவர்களேதான். இதைப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் சீட்டுக் குலுக்குவதுபோல் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியினருக்குக் கூடுதலாகவும் மற்றப் பகுதியினருக்குக் குறைவாகவும் ஏற்ற வேண்டும். அதையும் செய்திருக்கிறார்கள். 2011இல் முடிவு வெளியான ஒரு வட அமெரிக்க ஆய்வில், இதய நோயோ அதற்கான ஆபத்துக் காரணிகளோ உள்ள 50 வயதுக்கு மேற்பட்ட 2016 பேர் இருந்தார்கள். எல்லோரும் அம்மாவைப்போல இடுப்பெலும்பு முறிந்தவர்கள். ஒரு குழுவுக்கு, இரத்தத்தில் ஒட்சிசனைக் காவும் ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 10 கிராமுக்குக் கீழே இறங்கியதும் ஏற்றினார்கள். மற்றக் குழுவுக்கு 8க்குக் கீழே இறங்கினால், அல்லது சோகையின் அறிகுறி தெரிந்தால் மட்டும். இறப்பிலோ, 60 நாளில் துணையில்லாமல் நடக்க முடியாமற் போவதிலோ வித்தியாசம் இருக்கவில்லை. அதே ஆய்வின் ஒரு பகுதியாகச் சுமார் 140 பேரில் மாறாட்டத்தைத் தனியாகக் கவனித்தார்கள். கூடுதலாக இரத்தம் ஏற்றியது மாறாட்டத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

140 பேர் என்பது சிறிய தொகை. வழக்கு முடிந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அம்மாவின் ஹீமோகுளோபின் சத்திரசிகிச்சை முடிந்தபோது 7.4. அந்த நிலையில் இரத்தம் ஏற்றியது சரியே என்று இப்போது எனக்குத் தெரியும். தம்பிக்கும் சொல்லிவிட்டேன். நாரஹேன்பிட்டியில் உள்ள தேசிய இரத்த நிலையத்தினூடாக வந்த அந்த இரண்டு பைகளும், காசு வாங்காமல், அம்மாவின் மொழியோ மதமோ தெரியாமல், விகாரையிலோ தேவாலயத்திலோ நடந்த ஏதோ ஒரு இரத்ததான முகாமில் படுத்திருந்து யாரோ இருவர் கொடுத்தவை. அதை நினைத்து நான் கும்பிட்டிருக்கிறேன். முள்ளந்தண்டு ஊசி பற்றியும் மாமிக்குச் சொன்னேன்: அந்த ஊசியா முழு மயக்கமா என்பது மாறாட்டத்தில் வித்தியாசம் காட்டவில்லை என்று, இடுப்பெலும்பு முறிந்த 1600 பேரை வைத்து 2021இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

அப்படியென்றால் என் மனக்குறை எங்கே? 7.4இல் இல்லை. அதற்கு முன்னால் இருந்த ஒரு வருடத்தில்.

அம்மா விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்த அன்றே ஹீமோகுளோபின் 9.2. பெண்களுக்கு 12க்குக் கீழே இருந்தால் சோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 9.2 ஒரே இரவில் வந்ததல்ல. ஒரு வருடமாகவே அம்மா மாடிப்படியில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்குவார். பிரஷருக்கும் சுகருக்கும் மாதாமாதம் கிளினிக்குக்குப் போய்வந்தார். களைப்பாக இருக்கிறது என்று சொன்னபோதெல்லாம் "வயசு போனால் அப்படித்தான் அம்மா" என்ற பதில்தான். அந்த வருடத்தில் ஒருமுறைகூட முழுக் குருதி எண்ணிக்கை பார்க்கப்படவில்லை. நானும் கேட்கவில்லை, எனக்குத் தெரியவில்லை.

அம்மா பல வருடமாகச் சுகருக்கு மெற்ஃபோமின் குடிக்கிறார். அது நீண்டகாலத்தில் உடம்பில் விற்றமின் பி12ஐக் குறைக்கலாம். அப்பா போன பிறகு மச்சம் மாமிசத்தை முற்றாக விட்டுவிட்டார், மரக்கறிச் சாப்பாட்டில் பி12 கிடைப்பது அரிது. தினமும் அஸ்பிரின், அதனால் வயிற்றுக்குள் மெல்லக் கசிந்திருக்கலாம். மூன்று வேளையும் சாப்பாட்டோடு சாயத் தேநீர், அது இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். இந்த நான்கும் கொழும்பில் எத்தனை தமிழ் வீடுகளில் இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். பி12 குறைந்தால் இரத்தம் மட்டுமல்ல, ஞாபகமும் மங்கும். ஆக, அம்மா விழுவதற்கு முன்னமே ஒரு ஊசியாலும் கொஞ்ச மாத்திரையாலும் திருத்தியிருக்கக்கூடிய ஒன்று, அவரது இரத்தத்தையும் மூளையையும் சேர்த்துக் கரைத்துக்கொண்டிருந்திருக்கலாம். பிறகு செய்த சோதனையில் பி12 குறைவாகத்தான் இருந்தது.

விழுந்து எலும்பு முறிந்தவருக்கு மாதக்கணக்கில் தயார்ப்படுத்த நேரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் முழங்கால் மாற்ற, குடலிறக்கத்துக்கு, புரோஸ்டேட்டுக்கு என்று திகதி குறித்துக் காத்திருக்கும் முதியவர்கள் உங்கள் பட்டியலில் நிறையப்பேர் இருக்கிறார்கள். அவர்களது இரத்தத்தை ஆறு வாரத்துக்கு முன்னால் பாருங்கள். சோகை இருந்தால் அளவை மட்டும் எழுதி வைக்காமல் காரணத்தையும் தேடுங்கள். நோயாளியின் சொந்த இரத்தத்தைப் பேணும் இந்த முறையை எல்லா நாடுகளும் கைக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார மாநாடு தீர்மானம் எடுத்தது 2010இல். இரத்தப்போக்கைக் குறைக்கும் ட்ரனெக்ஸாமிக் அமிலம் விலை கூடிய மருந்தும் அல்ல. இரத்தம் ஏற்றத்தான் வேண்டும் என்றால், ஓடிக்கொண்டிருக்கும் இரத்தப்போக்கு இல்லாதவருக்கு ஒரு பை ஏற்றிவிட்டு, திரும்பப் பார்த்து, தேவையென்றால் மட்டும் அடுத்ததை ஏற்றுங்கள். ஒரு பை ஹீமோகுளோபினைச் சுமார் ஒரு கிராம்தான் உயர்த்தும் என்ற கணக்கை எங்களுக்கும் சொல்லுங்கள். அம்மாவுக்கு இரண்டாம் பை ஏற்றுவதற்கு முன் அளந்தார்களா என்று நான் கேட்டேன். பதில் சொல்ல ஆளில்லை. சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. நான் வாசித்துக் கையெழுத்து வைத்தேன். அம்மாவால் வாசித்திருக்க முடியாது, இத்தனைக்கும் அது அவருடைய உடம்பு.

மொழியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், என் மனதை மிகவும் குடைவது அதுதான்.

மாறாட்டம் வந்த பிறகு ஒருவர் அம்மாவிடம் சில கேள்விகள் கேட்டார். இன்று என்ன கிழமை, இது எந்த இடம், 100இலிருந்து 7ஐக் கழியுங்கள் என்று. எல்லாம் சிங்களத்தில். அம்மாவுக்குச் சிங்களத்தில் மரக்கறி விலை பேசத் தெரியும், அவ்வளவுதான். பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏதோ எழுதிக்கொண்டு போனார் அவர். நான் அதே கேள்விகளைத் தமிழில் கேட்டேன். கிழமை பிழைத்தது, இடம் பிழைத்தது. கழித்தல் 93, 86, 79 வரை சரியாக வந்தது, பிறகு நின்றுவிட்டது. இரண்டு நிலைகளுக்கும் எவ்வளவு தூரம்! தமிழ் இந்த நாட்டில் 1987இலிருந்து அரச கரும மொழி. நான் இதை உரிமைப் பேச்சாக இங்கே சொல்லவில்லை. தெரியாத மொழியில் மூளையைச் சோதித்தால் வரும் விடை பிழை, அவ்வளவுதான். தேர்மோமீற்றரைச் சட்டைக்கு மேலால் வைத்து காய்ச்சல் பார்ப்பதைப் போன்றது அது.

அதோடு, முன்பு எப்படி இருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. சத்திரசிகிச்சைக்கு முன் பத்து நிமிடம் தமிழில் ஞாபகத்தைச் சோதித்து ஒரு எண்ணை எழுதி வைத்திருந்தால், பிறகு எவ்வளவு இறங்கினார், எவ்வளவு ஏறினார் என்று உங்களுக்கும் எனக்கும் தெரிந்திருக்கும். நெஞ்சுப் படம் எடுக்கிறீர்கள், ஈ.சி.ஜி. எடுக்கிறீர்கள். மூளைக்கு மட்டும் முன்னிலைக் கணக்கு இல்லை. எங்களையாவது கேளுங்கள். "அம்மா வீட்டில் கணக்கு வழக்குப் பார்ப்பாரா, மருந்தைத் தானே எடுத்துக் குடிப்பாரா, போன வருடத்தைவிட மறதி கூடியிருக்கிறதா?" இந்த மூன்று கேள்விக்கும் எந்த மகளும் பதில் சொல்வாள்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஐந்தாம் நாளிலிருந்து அம்மா அமைதியாகிவிட்டார். கட்டை அவிழ்த்துவிட்டார்கள். "இப்ப நல்லா இருக்கிறா, ஒரு கரைச்சலும் இல்லை" என்றார் மிஸ் ஒருவர், சந்தோஷமாகத்தான் சொன்னார். ஆனால் அம்மா சாப்பாட்டை வாய்க்குள் வைத்தபடி விழுங்க மறந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். என் பெயரைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டார். மாறாட்டத்தில் சத்தம் போடுகிற வகை கண்ணில் படும், சத்தமில்லாத வகை தப்பிவிடும். முதியவர்களிடம் அடிக்கடி வருவதும் அந்தச் சத்தமில்லாத வகைதான் என்று பிறகுதான் அறிந்தேன். தாதியர் கூடாதவர்கள் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஒரு இரவில் ஒருவர் எத்தனை கட்டில்களைப் பார்த்தார் என்று நான் கண்ணால் கண்டேன். அதனால்தான் கேட்கிறேன், எங்களை உள்ளே விடுங்கள்.

பார்வையாளர் நேரம் முடிந்ததும் என்னை வெளியே அனுப்பிவிட்டு ஒரு மாறாட்ட நோயாளியின் கையைக் கட்டுவதைவிட, என்னை அந்தக் கதிரையில் இருக்கவிடுவது எல்லோருக்கும் இலேசு. நான் அம்மாவுக்குக் கண்ணாடி போட்டுவிடுவேன். அது முதல்நாளே அலுமாரிக்குள் போய்விட்டது, நான்கு நாள் அம்மா மங்கலாகத்தான் உலகத்தைப் பார்த்தார். பல்லுக்கட்டைப் போட்டுச் சாப்பிட வைப்பேன், தண்ணீர் கொடுப்பேன், இரவு எது பகல் எது என்று சொல்வேன், அது ஷெல் இல்லை அம்மா, தட்டுவண்டி என்று சொல்வேன். இது வெறும் பாசப் பேச்சல்ல. 1999இல் அமெரிக்காவில் பொது மருத்துவ வாட்டுகளில் இருந்த 70 வயதுக்கு மேற்பட்ட 852 பேரிடம் இதே சின்ன வேலைகளை ஒழுங்காகச் செய்து பார்த்தார்கள்: இடமும் நாளும் சொல்லிக்கொடுப்பது, மருந்தில்லாமல் தூங்க வைப்பது, எழுப்பி நடக்க வைப்பது, கண்ணாடியும் காதுக்கருவியும் கொடுப்பது, தண்ணீர் குடிக்க வைப்பது. வழக்கமான பராமரிப்பில் 15 சதவீதமானோருக்கு வந்த மாறாட்டம் 9.9 சதவீதமாகக் குறைந்தது. எந்த மருந்தும் இல்லாமல்.

இன்னொன்று, காத்திருப்பு. சத்திரசிகிச்சைக்கு முன் இரண்டு நாள் அம்மாவை நள்ளிரவிலிருந்து பட்டினி போட்டு, பின்னேரம் "இன்றைக்கு இல்லை" என்றார்கள். முறிந்த எலும்போடு வலியிலும் தாகத்திலும் கிடந்த ஒரு 79 வயது மூளை அப்போதே தளரத் தொடங்கியிருக்கும். இடுப்பெலும்பு முறிந்தவர்களை மிக விரைவாகத் தியேட்டருக்குக் கொண்டுபோன ஒரு பன்னாட்டு ஆய்வில், 2020இல் வெளியானது, இறப்பு குறையவில்லை. ஆனால் மாறாட்டம் 12 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாக இறங்கியது. தியேட்டர் நேரத்துக்கு எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பிற்போடத்தான் வேண்டுமென்றால், பிற்போட்ட உடனேயே ஒரு கிளாஸ் தண்ணீரும் ஒரு வாய்ச் சோறும் கொடுக்கலாமல்லவா?

அம்மா பதினொரு நாள் தன்னிலையில் இல்லை. வீட்டுக்கு விடும்போது தந்த டயக்னோசிஸ் காட்டில் எலும்பு முறிவு இருக்கிறது, பொருத்திய உலோகம் இருக்கிறது, இரண்டு பை இரத்தம் இருக்கிறது. அந்தப் பதினொரு நாளைப் பற்றி ஒரு சொல் இல்லை. நாளைக்கு வேறொரு சத்திரசிகிச்சை வந்தால் அதைச் செய்யும் வைத்தியருக்கு அம்மா ஒருமுறை மாறாடியவர் என்று எப்படித் தெரியும்? மூன்று மாதத்தில் எலும்பைப் பார்க்கக் கிளினிக்குக்கு வரச் சொன்னார்கள், போனோம், படம் எடுத்தார்கள், எலும்பு பொருந்திவிட்டது என்றார்கள். அம்மா அப்போது அடுப்பில் உலையை வைத்துவிட்டு மறந்துபோகிறவராக இருந்தார். அதைக் கேட்க அந்தக் கிளினிக்கில் இடம் இருக்கவில்லை.

இப்போது பி12 ஊசி போடுகிறோம், இரும்பு மாத்திரை கொடுக்கிறோம். சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் தேநீர், அதற்குத் தினமும் சண்டை. ஹீமோகுளோபின் 11.6. ஞாபகம் முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் உலை வைத்தால் இறக்குகிறார், பேரப்பிள்ளையின் வாய்ப்பாட்டைத் திருத்துகிறார். எது எதனால் தேறியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

2012 குடிசன மதிப்பீட்டிலேயே இந்த நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 12.4 சதவீதம். அதற்குப் பிறகு அந்தத் தொகை கூடித்தான் இருக்கிறது. உங்கள் தியேட்டர்களுக்கு வரப்போகிறவர்கள் அவர்கள்தான். ஆகவே கேட்கிறேன்: சத்திரசிகிச்சைக்கு முதல்நாள், ஒவ்வொரு முதியவரின் குடும்பத்துக்கும் அவர்களுடைய மொழியில் ஒரு தாள் கொடுங்கள். மாறாட்டம் என்றால் என்ன, எத்தனையாம் நாள் வரலாம், சத்தமில்லாமலும் வரும், வந்தால் யாரிடம் சொல்வது, கண்ணாடியையும் பல்லுக்கட்டையும் யார் பொறுப்பெடுப்பது, இரத்தம் ஏற்றினால் எந்த அளவில் ஏற்றுவீர்கள். அரைத்தாள் போதும்.

தமிழில் எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். என்னோடு படிப்பிக்கும் இரண்டு ஆசிரியைகளும் வருவார்கள், ஒருவர் சிங்களத்திலும் எழுதுவார். சரிபார்க்க உங்களில் ஒருவர் ஒரு பின்னேரம் ஒதுக்கினால் போதும். பாடசாலை இரண்டு மணிக்கு விடும், அதன் பிறகு எந்த ஆஸ்பத்திரிக்கும் வருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு மகள்
வெள்ளவத்தை, கொழும்பு 6